காணாமல் போன மாகறல் பஸ்

அத்தியாயம் 5

"மாகறல் பஸ்ஸைக் காணோம்" என்றாள் அந்த இளம்பெண். நாற்காலியில் இன்னும் சரியாக உட்காரக்கூட இல்லை.

துப்பறிவாளர் ஏலவார்குழலி பேனா மூடியைத் திறந்தவள் அப்படியே நிறுத்தினாள். அவளுடைய உதவியாளர் சின்னப்பையன் வாயிலிருந்த டீயை அவசரமாக விழுங்கினார். பெயர்தான் சின்னப்பையன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், இந்த வழக்கில் முதலில் பேசும் உரிமை தனக்குத்தான் என்று நினைத்தார்.

"டெப்போவுல கேட்டியாம்மா? என் சர்வீஸுல டயரு காணாப்போயிருக்குது. ஒரு தபா டிரைவரே காணாப்போயிட்டாரு, வழியில எறங்கிப் பொண்ணு பாக்கப் போயிட்டாரு. முழு பஸ்ஸு காணாப்போனது இதான் மொத தபா."

"நெஜ பஸ் இல்ல சார். பஸ்ஸைப் பத்தின பக்கம். கம்ப்யூட்டர்ல இருந்தது. இன்னிக்கு மூணு மணிக்குள்ள கிடைக்கலன்னா, செய்யாத தப்புக்கு ஒரு பொண்ணு மாட்டிக்குவா."

ரங்கசாமி குளத்துக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது குழலியின் அலுவலகம். பெயர்ப்பலகை எழுதியவர் இடம் போதாமல் 'ஏலவார்குழ' என்று முதல் வரியை முடித்து, 'லி துப்பறியும் நிலையம்' என்று அடுத்த வரியைத் தொடங்கியிருந்தார். லி என்பவர் சீனப் பல் வைத்தியர் என்று நம்பி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தவர்களும் உண்டு. மற்றபடி வருவதெல்லாம் மாப்பிள்ளை விசாரணை. பையன் குடிப்பானா, சம்பளம் நிஜமா, தலைமுடி நிஜமா.

வந்தவளின் பெயர் கோதா. பாலாற்றங்கரை கலைக் கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"விக்கின்னு ஒண்ணு இருக்கு மேடம். இன்டர்நெட்ல ஒரு பக்கம் திறந்து வெச்சிட்டா, அதுல யார் வேணும்னாலும் எழுதலாம், யார் வேணும்னாலும் திருத்தலாம்."

"பஸ் ஸ்டாண்டு சுவரு மாதிரி" என்றார் சின்னப்பையன்.

கோதா யோசித்தாள். "ஆமா சார். ஆனா இங்கிலீஷ்ல."

இங்கிலீஷ் என்ற சொல் காதில் விழுந்ததும் குழலி பேனாவை மூடி வைத்தாள். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு நடுவில், எல்லோரும் சிரித்த பிறகு ஒரு கணம் தாமதமாகச் சிரிக்கிறவள் அவள். அந்த ஒரு கணத்தை வேறு யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவள் மட்டும் ஒவ்வொரு முறையும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"என் கிளாஸ்ல பாதிப் பேர் தமிழ் மீடியம்" என்று கோதா தொடர்ந்தாள். "தனியா எழுதச் சொன்னா வெள்ளைப் பேப்பரைத் திருப்பிக் குடுப்பாங்க. தப்பாயிடுமோன்னு பயம். அதான் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டு குடுத்தேன். எந்த வரியை யார் எழுதினாங்கன்னு தெரியாது. தப்பு பண்ணா யாரும் சிரிக்க முடியாது. ஒருத்தர் ஒரு வரி எழுதுவாங்க, இன்னொருத்தர் அதைச் சரி பண்ணுவாங்க, மூணாவது ஆள் தன் கதையைச் சேர்ப்பாங்க. அப்படித்தான் அன்னம்மாள்னு ஒரு பொண்ணு மாகறல் பஸ்ஸைப் பத்தி ஆரம்பிச்சா. அதுவரைக்கும் கிளாஸ்ல வாயே திறக்காத பொண்ணு."

"பஸ்ஸுல என்ன?"

"சீட் பிடிக்கிறது எப்படின்னு."

சின்னப்பையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது படிப்புதான் என்று அவர் முகம் சொன்னது.

கல்லூரிக்குத் தரச்சான்று தர ஓர் ஆய்வுக்குழு அன்று மதியம் வருகிறது. அன்னம்மாள் அந்தப் பக்கத்தைப் பெரிய திரையில் காட்டி ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று ஏற்பாடு. காலையில் திறந்தால் பக்கமே இல்லை. பக்கத்தை முழுதாக நீக்கிவிட்டால் அதன் பழைய வடிவங்களும் சேர்ந்து போய்விடுமாம். யார் நீக்கினார்கள் என்று பார்த்தால், மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பொதுவான அந்த ஒரே பெயர்தான் இருக்கிறது.

பயத்தைப் போக்கிய அதே போர்வைக்குள் இப்போது குற்றவாளியும் படுத்திருக்கிறார் என்று குழலிக்குத் தோன்றியது. ஒரு நல்ல எண்ணம் இப்படித்தான் எதிர்பாராத விருந்தாளியை அழைத்து வருகிறது.

"ஆட்டோ கூப்பிடுங்கண்ணா" என்றாள்.

"பஸ்ஸைத் தேட ஆட்டோவுல போறோம்" என்று முணுமுணுத்தபடி சின்னப்பையன் துண்டைத் தோளில் போட்டார். "நம்ம ஆளுங்க யாருனா பாத்தா என்னா நினைப்பாங்க."

கல்லூரி முதல்வர் இளங்கோவனின் அறையில் மூன்று மாலைகள் ஈரத்துணியில் சுற்றித் தயாராக இருந்தன. அவரும் தயாராக இருந்தார். தலைக்குச் சாயம் பூசியது காதோரம் கொஞ்சம் வழிந்திருந்தது.

"விசாரணை எதுக்கு? அந்தப் பொண்ணுதான். நேத்து மத்தியானம் அந்தப் பக்கத்துல என் போட்டோவும் ஒரு சின்ன வாழ்த்துரையும் சேர்த்தேன். எல்லாரும் சேர்க்கலாம்னுதானே சொன்னாங்க? அதைப் பாத்துட்டு அவ மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டாளாம். லேப் மூடற வரைக்கும் அங்கேயே உக்காந்திருந்தாளாம்."

"எவ்வளவு பெரிய போட்டோ சார்?" என்று குழலி கேட்டாள்.

"சுமாரா இருக்கும்."

"பஸ்ஸு தெரிஞ்சுதா?" என்றார் சின்னப்பையன்.

முதல்வர் மாலை ஒன்றின் ஈரத்துணியை இழுத்துச் சரிசெய்தார். "மூணு மணிக்குள்ள அது வரலன்னா, அவ இனிமே லேப் வாசப்படி மிதிக்கக் கூடாது. இந்த விக்கி வெளையாட்டும் இன்னியோட முடிஞ்சுது. பழையபடி நோட்ஸ் குடுப்போம், மனப்பாடம் பண்ணட்டும். இதுல வேடிக்கை என்னன்னா, எங்க ரங்கநாத் வந்து 'அந்தப் பொண்ணு பண்ணியிருக்க மாட்டா'ங்கறாரு. எப்படித் தெரியும்னு கேட்டா இருமுறாரு. முப்பது வருஷமா யாருக்கும் அரை மார்க் கூட விட்டுக்குடுக்காத மனுஷன்."

"யாரு சார் ரங்கநாத்?"

"இங்கிலீஷ் துறைத் தலைவர்."

"சிவப்பு மை ரங்கநாத்" என்றாள் கோதா, வெளியே வந்ததும், தாழ்ந்த குரலில். "கல்யாணப் பத்திரிகை குடுத்தாக்கூடத் திருத்தித்தான் திருப்பிக் குடுப்பார். விக்கியே வேண்டாம்னு ஸ்டாஃப் மீட்டிங்ல ஒரு மணி நேரம் பேசினவர். எனக்கு அவர் மேலதான் சந்தேகம்."

தாழ்வாரத்துத் தூணருகே அன்னம்மாள் நின்றிருந்தாள். மெலிந்த, உயரமான பெண். கையில் டிபன் டப்பா கட்டிய கைக்குட்டை. அழுதிருக்கவில்லை. அதுதான் குழலிக்கு முதலில் பட்டது. பழி சுமந்தவர்களில் அழுகிறவர்களை அவளுக்குத் தெரியும், கத்துகிறவர்களையும் தெரியும். இவள் பஸ் வராத ஸ்டாப்பில் நிற்பவளைப் போல நின்றாள்.

"நேத்து கோவம் வந்துச்சாம்மா?"

"வந்துச்சு மேடம். மூணு வாரமா எல்லாரும் சேந்து எழுதினது. திடீர்னு மேல சாரு சிரிச்சிக்கினு நிக்கறாரு. ஓட்டு கேக்கற மாதிரி."

"அதனால அழிச்சிட்டியா?"

அன்னம்மாள் அவளை நேராகப் பார்த்தாள். "கூட்டமா இருக்குதுன்னு நம்ம பஸ்ஸை நாமளே கொளுத்துவமா மேடம்?"

சின்னப்பையன் குழலியின் காதருகே குனிந்தார். "இந்தப் பொண்ணு இல்ல. இதுக்கு நான் டிக்கெட்டே கேக்க மாட்டேன்."

கம்ப்யூட்டர் லேபில் ஒவ்வொரு மானிட்டர் நெற்றியிலும் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்திருந்தது. சாளரத்தை ஒட்டிய மேஜையில் பெரிய திரைக்கான கணினி. அதன் முன்னால் ஒரு நாற்காலி. மூலையில் வேட்டி கட்டிய ஒருவர் தனியாக அமர்ந்து திரையை மூக்கால் தொடுவது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் சிவப்புப் பேனா. அவர்தான் ரங்கநாத் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆட்களைப் பார்த்ததும் எழுந்து, சம்பந்தமே இல்லாமல் மின்விசிறியைப் போட்டுவிட்டு, வாசல் வரை போய் அங்கேயே நின்றுகொண்டார்.

"இந்த ஐயா காலையில இருந்து இங்கதான் குந்திக்கினு இருக்காராம்" என்று சின்னப்பையன் தகவல் கொண்டு வந்தார். லேப் உதவியாளரோடு அதற்குள் ஒரு பீடி நட்பு உண்டாகியிருந்தது. "ஒரே பக்கத்தைப் பாத்துக்கினு. கம்ப்யூட்டர்னாலே ஆகாத மனுசனாம்."

குழலி அந்தத் திரைக்கு வந்தாள். 'குளம்' என்று தலைப்பு. கோதா மொழிபெயர்த்துச் சொன்னாள். வகுப்பு ஆரம்பத்தில் யாரோ எழுதிய மூன்று வரிகள். எங்கள் ஊர் வரதர் கோவிலில் ஒரு குளம் உண்டு. அதற்குள் சாமி படுத்திருக்கிறார். தயவுசெய்து பிஸ்கட் கவர் போடாதீர்கள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மேடம். அதுக்கு மேல யாரும் சேர்க்கல."

சின்னப்பையன் மவுஸின் சக்கரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பழைய ரேடியோவில் இலங்கையைத் தேடுவது போல உருட்டினார். மூன்று வரிகள் மேலே போய் மறைந்தன. பிறகு வெள்ளை. மறுபடி வெள்ளை. உருட்டிக்கொண்டே இருந்தார்.

"என்னாமா இது, செய்யாறு ரோடு மாதிரி போயிக்கினே இருக்குது. ஊரே வரல."

"யாராவது தெரியாம என்டர் பட்டனை அமுக்கிட்டே இருந்திருப்பாங்க" என்றாள் கோதா.

குழலி அதை நம்பவில்லை. இத்தனை நீளமான வெறுமை தெரியாமல் வராது. மாப்பிள்ளை விசாரணைகளில் அவள் பார்த்திருக்கிறாள். பேச்சுக்கு நடுவில் ஒரு வீடு தேவைக்கு அதிகமாக மௌனமாக இருந்தால், அந்த மௌனத்துக்குள் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் ஓர் அண்ணன்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். மனிதர்கள் தங்களுக்குப் பிடிக்காததை ஊரெல்லாம் சொல்லித் திரிவார்கள். பிடித்ததைத்தான் ஒளிப்பார்கள்.

"கோதா, பக்கத்தை அழிக்கணும்னு நினைக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?"

"நீக்குன்னு ஒரு அழுத்து."

"ஒளிச்சு வைக்கணும்னு நினைக்கிறவங்க? அதுவும் இந்த ஊர்க்காரங்களா இருந்தா?"

பதில் சின்னப்பையனிடமிருந்து வந்தது. கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. "தண்ணிக்குள்ள வெப்பாங்க."

அத்தி வரதரை அந்தக் குளத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கு ஒரு முறைதான் வெளியே எடுப்பார்கள். கடைசியாக எழுபத்தொன்பதில் எடுத்தபோது குழலி தன் அப்பாவின் தோளில் இருந்தாள். அவளுக்கு நினைவிருப்பது சாமி அல்ல, முன்னால் நின்றவரின் வழுக்கை. ஆனால் ஒன்று மட்டும் மனதில் தங்கியிருந்தது. மிக உயர்ந்ததைக் கண்ணுக்குத் தெரியாமல் வைப்பதுதான் பாதுகாப்பு என்று இந்த ஊர் ஒருபோதும் சந்தேகப்பட்டதில்லை.

"இந்த வெள்ளைக்குள்ள எறங்கிப் பாக்கணும். எப்படி எறங்கறது?"

"மவுஸை அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு அப்படியே கீழே இழுங்க மேடம்."

குழலி இழுத்தாள். வெள்ளைத் திரையில் மேலிருந்து கீழாக நீலம் பரவியது. அந்த நீலத்துக்குள் எழுத்துகள் மேலெழுந்தன. வரி வரியாக, பத்தி பத்தியாக. வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்தாகக் கிடந்த மாகறல் பஸ், நீருக்கடியில் ஜன்னல்களெல்லாம் திறந்தபடி நின்றிருந்தது.

கோதா வாயைப் பொத்திக்கொண்டாள். சின்னப்பையன் மரியாதையாகச் செருப்பைக் கழற்றினார்.

"படிச்சுச் சொல்லு கோதா" என்றாள் குழலி.

கோதா தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். 'எங்கள் பஸ்ஸில் கதவு வழியாக ஏறுகிறவர் விருந்தாளி. ஊர்க்காரர் முதலில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போடுவார். கைக்குட்டை விழுந்த சீட்டில் கலெக்டரும் உட்கார முடியாது. ஆனால் வெறும் கைக்குட்டை போடாதீர்கள், காற்றில் அடுத்த சீட்டுக்குப் போய்விடும். உங்களுக்கு மிகவும் வேண்டிய பொருள் ஒன்றை அதில் முடியுங்கள். அப்போதுதான் அது நேராகப் போகும். நீங்களும் அதன் பின்னால் கட்டாயம் ஓடுவீர்கள்.' திருப்புட்குழிப் பையன் ஒருவன் தன் பஸ்ஸில் கைக்குட்டைக்குள் எலுமிச்சம்பழம் கட்டுவார்கள் என்று சேர்த்திருந்தான். தங்கள் பஸ்ஸில் ஒரு முறை யாரோ குழந்தையையே ஜன்னல் வழியாகக் கொடுத்து இடம் பிடித்ததாக இன்னொருத்தி எழுதியிருந்தாள்.

குழலி வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு, "முதல்வர் போட்டோ இதுல இருக்கா?" என்றாள்.

"இல்ல. எடுத்திருக்காங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கு, தப்பெல்லாம்கூட." கோதாவின் குரல் இறங்கியது. "அப்போ ரங்கநாத் சார் இல்ல. அவர் கைபட்டிருந்தா ஒரு வரியாவது திருத்தாம விட்டிருக்க மாட்டார். பாவம், அவரைப் போய்ச் சந்தேகப்பட்டேன்."

"அதனாலதான் அவரேதான். திருத்த மனசே வராத அளவுக்குப் பிடிச்சதை ஒளிச்சு வெச்சுட்டு, காலையில இருந்து காவல் இருக்காரு" என்றாள் குழலி, வாசல் பக்கம் திரும்பாமல். "இல்லையா சார்?"

வாசலில் இருமல் கேட்டது. நீண்ட இருமல். அதன் முடிவில் ரங்கநாத் உள்ளே வந்து, பள்ளிக்கூடத்துப் பையன் போலக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"நான்தான்" என்றார். "நேத்திக்கு சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் திருத்தலாம்னுதான் வந்தேன். படிச்சேன். தனியா உக்காந்து சிரிச்சேன். முப்பது வருஷமா பஸ் பயணம் பத்தி எழுதச் சொல்றேன், எல்லாரும் ஒரே கட்டுரையைத்தான் எழுதிண்டு வருவா. ஜன்னலோரம் காத்து, மரங்கள் பின்னாடி ஓடறது. ஒருத்தராவது துண்டைப் பத்திச் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை."

"அப்புறம் ஏன் சார் எடுத்தீங்க?"

"மேல பிரின்சிபால் போட்டோ ஏறியிருந்தது. நான் பாத்திண்டிருக்கறச்சயே காமர்ஸ்காரா எங்கேர்ந்தோ டிக்கெட் விலைப் பட்டியல் ஒண்ணைச் சேர்த்தா. லைப்ரரியன் ஒரு பொன்மொழி போட்டார். எல்லாரும் நல்லவாதான். எல்லாரும் மேம்படுத்தறா. விடியறதுக்குள்ள அந்த பஸ்ல அந்தப் பொண்ணுக்கே எடம் இருக்காதுன்னு தோணித்து. ஏறினதையெல்லாம் எறக்கிவிட்டு, மிச்சத்தைக் குளத்துல கொண்டுபோய் வெச்சேன். எழுத்தை வெள்ளையாக்கினா தெரியாதுன்னு நானே கண்டுபிடிச்சேன்." அதைச் சொல்லும்போது குரலில் லேசான பெருமை இருந்தது. உடனே அணைந்தது. "காலம்பற எழுந்தருளப் பண்ணிடலாம்னு வந்தேன். எடுக்கத் தெரியலை. வெள்ளை மேல வெள்ளை. நான் வெச்சது எனக்கே கண்ணுல படலை."

"நாப்பது வருசம் காத்திருக்கலாம்னு பாத்தீங்களா சாமி?" என்றார் சின்னப்பையன். "கமிட்டிக்குப் போட்ட டீ ஆறிப்போயிடும்."

குழலி அவரைப் பார்த்தாள். ஒரு பெண்ணின் மேல் பழி விழுந்தபோதும் 'நான்தான்' என்று சொல்லாதவர். ஆனால் வில்லன் முகம் அல்ல அது. திருத்துவதே அன்பு என்று நம்பி வாழ்ந்தவர், முதல் முறையாகத் திருத்தாமல் ஒன்றை நேசித்துவிட்டு, அதை என்ன செய்வது என்று தெரியாமல் தண்ணீரில் போட்டிருக்கிறார்.

"முதல்வர்கிட்ட நீங்களே சொல்லணும் சார்" என்றாள்.

அவர் தலையாட்டினார்.

சொல்லவும் செய்தார். கோவில் யானை பேசியதைக் கேட்டவர் போல முதல்வர் பார்த்தார் என்று பிறகு கோதா சொன்னாள். ஆனால் முதல்வர்கள் சீக்கிரம் தேறிவிடுகிறார்கள். "சரி, கிடைச்சிடுச்சில்ல. அந்தப் பொண்ணு பண்ணலன்னா சந்தோஷம். ஆனா அவளுக்கு இங்கிலீஷ் எங்க வரப்போவுது? நானே உக்காந்து காட்டிடறேன். அவ பக்கத்துல நிக்கட்டும், பூச்செண்டு குடுக்க."

இதைக் கேட்ட அன்னம்மாள் டிபன் டப்பாவின் முடிச்சை அவிழ்த்து இறுக்கினாள்.

மூன்று மணிக்கு ஆய்வுக்குழு வந்தது. தலைவி வடநாட்டுக்காரர், வயதானவர். லேப் வாசலில் மாலை, பன்னீர், புகைப்படக்காரர், கல்லூரியின் எல்லாத் துறைகளும். கோதா எப்படியோ உள்ளே போய்ப் பக்கத்தைப் பெரிய திரையில் ஏற்றிவிட்டாள். அன்னம்மாள், ரங்கநாத், குழலி, சின்னப்பையன் நால்வரும் கூட்டத்துக்கு வெளியே, தாழ்வாரத்தில் மாட்டிக்கொண்டார்கள். சாளரக் கம்பிகளுக்கு அப்பால் நாற்காலி காலியாக இருந்தது. முதல்வர் மாலை போட்டு முடித்து, அதை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.

"போச்சு" என்றாள் அன்னம்மாள்.

ரங்கநாத் வேட்டி மடிப்பிலிருந்து கைக்குட்டையை உருவினார். வெள்ளைக் கைக்குட்டை, இஸ்திரி போட்டது. சாளரத்தருகே போய்க் கையை ஓங்கினார்.

"சார், வெறும் கர்ச்சீப்பு பறந்துடும்" என்றாள் அன்னம்மாள்.

அவர் ஒரு கணம் நின்றார். எதை முடிவது? மடியைத் தொட்டார், காதுக் கடுக்கனைத் தொட்டார், சட்டைப்பையைத் தொட்டார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, கைக்குட்டையின் நடுவில் வைத்து, இறுக்கி முடிந்தார்.

முடிச்சு கம்பிகளுக்கு நடுவே போய், மேஜை விளிம்பில் பட்டுத் துள்ளி, நாற்காலியில் உட்கார்ந்தது. அதற்கு ஒரு கை தூரத்தில், முழங்கால் பாதி மடிந்த நிலையில் முதல்வர்.

"சார்" என்று சின்னப்பையனின் கண்டக்டர் குரல் சாளரத்தைத் துளைத்தது. "துண்டு போட்டிருக்குது, பாத்து உக்காருங்க."

முதல்வர் இளங்கோவன் வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்தவர். அவர் மூளை யோசிப்பதற்கு முன்னால் அவர் முழங்கால் நிமிர்ந்துவிட்டது. சில சட்டங்கள் பதவிக்கு மேலானவை.

திரையைப் படித்துக்கொண்டிருந்த தலைவி நாற்காலியைப் பார்த்தார், சாளரத்தைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. தோள் குலுங்கியது. கூட்டம் தானாக விலகி வழி விட்டது. கைக்குட்டை போட்டவரின் ஆள் வரும்போது எந்த பஸ்ஸிலும் அப்படித்தான் விலகுவார்கள். அன்னம்மாள் ஓடி வந்து, மூச்சு வாங்க, முடிச்சைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மைக்கை இழுத்தாள்.

"சாரி சார்" என்றாள் முதல்வரிடம். "திஸ் சீட் இஸ் டேக்கன்."

லேப் முழுதும் சிரித்தது. தாழ்வாரத்தில் குழலியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தாள், இந்த முறை அவள் யாருக்கும் பின்னால் சிரிக்கவில்லை.

அன்னம்மாள் முதல் பத்தியைத் தொடங்கினாள். நடுவில் ஒரு சொல்லில் தடுக்கினாள். சாளரத்துக்கு வெளியே ரங்கநாத்தின் விரல்கள் பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போயின. பை காலி. கம்பிகளுக்கு நடுவே மெதுவாகக் கையை நீட்டினார்.

"பேனாவைக் கொடும்மா" என்று கிசுகிசுத்தார்.

அன்னம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை. முடிச்சை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

"எறங்கும்போது தரேன் சார்."